ஊருக்கு ஒரு கிளப்

சாத்தூர், வெம்பக்கோட்டை, சிவகாசி வட்டாரத்தில் கிரிக்கெட் எப்போது தொடங்கும் என்பதை முடிவு செய்வது மழைதான். ஐப்பசி, கார்த்திகையில் பெய்து கண்மாயில் தண்ணீர் நின்றுவிட்டால் ஆட்டம் இல்லை. தை பிறந்து, தண்ணீர் வற்றி, மாசி பங்குனியில் தரை இறுகியதும் இளவட்டங்கள் மண்வெட்டியோடு கண்மாய்க்குள் இறங்குவார்கள். சீமைக்கருவேல முள்ளை வெட்டி ஓரங்கட்டி, வெடிப்புகளில் மண்ணை நிரப்பி, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, 22 கெஜ நீளத்துக்குப் பிட்ச் தயார் செய்வார்கள். கரிசல் மண்ணை ஈரப்பதத்தில் உருளை போட்டு உருட்டினால் கெட்டியாக இறுகிவிடும். நாலு நாள் கவனிக்காமல் விட்டால் வெயிலில் பாளம் பாளமாகப் பிளந்துகொள்ளும். அப்புறம் பந்து பிளவில் பட்டு எந்தப் பக்கம் திரும்பும் என்று பந்து போடுகிறவருக்கே தெரியாது.

அச்சங்குளமும் இந்தக் கரிசல் பூமியில் உள்ள ஊர்தான். வெளியூர்க்காரர்கள் பலருக்கு இந்தப் பெயர் 2021 பிப்ரவரி 12-ஆம் தேதிதான் தெரியவந்தது. அன்று இங்குள்ள பட்டாசு ஆலையில் நடந்த வெடிவிபத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். ஒரு ஊரின் பெயர் வெளியுலகுக்கு இப்படித்தானா தெரியவர வேண்டும்? ஆயிரத்துக்கும் மேற்பட்ட பட்டாசு ஆலைகள், தீப்பெட்டி ஆபீஸ்கள், அச்சகங்கள் என்று உழைப்புக்குப் பேர்போனது இந்த விருதுநகர் மாவட்டம். இங்குள்ள பிள்ளைகள் வாரத்துக்கு ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை, எங்கே போய் ஓடியாடுகிறார்கள், அந்த இடம் அடுத்த தலைமுறைக்கும் இருக்குமா என்று யாரும் பெரிதாகக் கேட்பதில்லை. இந்தக் கட்டுரை அதைக் கேட்கிறது.

கிராமத்து அணிகளின் ஆயுள் எவ்வளவு என்று ஊர்ப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். பதினேழு பதினெட்டு வயதில் பதினொரு பேர் சேருகிறார்கள். அணிக்கு ஒரு பெயர் வைத்து, ஆளுக்குக் கொஞ்சம் போட்டு மட்டை வாங்கி, பெயர் அச்சடித்த பனியன் தைத்துக்கொள்கிறார்கள். பொங்கலுக்கும் கோயில் பொங்கலுக்கும் பக்கத்து ஊர்களில் டென்னிஸ் பந்து டோர்னமென்ட் நடக்கும். நுழைவுக் கட்டணம் கட்டி ஆடுகிறார்கள். முதல் பரிசு ஒரு கடைக்காரர் உபயம், இரண்டாம் பரிசு ஒரு கட்சிக்காரர் உபயம், கோப்பை இன்னொருவர் உபயம் என்று பிளக்ஸ் போர்டு சொல்லும். ஐந்தாறு ஆண்டுகள் அமர்க்களமாகப் போகும். பிறகு ஒருவர் திருப்பூர் போவார், ஒருவர் சென்னைக்கு, ஒருவர் ராணுவத்துக்கு. இருவருக்குக் கல்யாணம் ஆகும். தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் ஆலையில் வேலை நெருக்கும். ஒரு கோடையில் பார்த்தால் ஆறு பேர்தான் மிச்சம். மட்டை யார் வீட்டுப் பரணில் கிடக்கிறதோ, பிட்சில் முள் முளைத்திருக்கும். மூன்று வருடம் கழித்து வேறு பதினொரு பேர், வேறு பெயர், வேறு பனியன். எல்லாம் மறுபடி முதலிலிருந்து.

இதில் யார் மீதும் குற்றம் இல்லை. அணி என்பது ஆட்டக்காரர்களின் வயதோடு சேர்ந்து தேய்வதுதான். கிளப் அப்படித் தேயாது. ஆடி முடித்தவர் அதில் நடுவராகவோ பொருளாளராகவோ தங்கிவிடுவார். அவருடைய தம்பி மகன் பன்னிரண்டு வயதில் உள்ளே வருவான். அதற்கு நிலையான மைதானம் வேண்டும், கணக்கு நோட்டு வேண்டும், சிறுவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும். இன்னொன்றும் வேண்டும். அதைப் பெரும்பாலோர் நினைத்துப் பார்ப்பதில்லை. கிரிக்கெட் ஒன்றை மட்டும் நம்பியிருக்கக் கூடாது.

இந்தப் பாடத்தை உலகம் வெகுகாலத்துக்கு முன்பே கற்றுக்கொண்டுவிட்டது. இங்கிலாந்தில் ஷெஃபீல்டு என்றொரு நகரம். கத்தி, கத்தரிக்கோல், எஃகுச் சாமான்கள் செய்யும் கைத்தொழிலாளர்களின் ஊர். 1820-இல் அங்குள்ள தொழிலாளர்கள் கிரிக்கெட் கிளப் ஒன்றைத் தொடங்கினார்கள். அவர்களுக்கு அரைநாள் விடுமுறை புதன்கிழமை. ஆகவே கிளப்பின் பெயரும் ‘வெட்னஸ்டே’. குளிர்காலத்தில் கிரிக்கெட் ஆட முடியாது, ஆட்டம் இல்லாத மாதங்களில் உறுப்பினர்கள் சிதறிப் போய்விடுகிறார்கள் என்று கண்டதும் 1867-இல் அதே கிளப் கால்பந்து ஆடவும் முடிவு செய்தது. இன்று ஷெஃபீல்டு வெட்னஸ்டே என்று கால்பந்து ரசிகர்கள் சொல்வது அந்தக் கிரிக்கெட் கிளப்பின் வாரிசைத்தான். அதே நகரத்து ஷெஃபீல்டு யுனைடெட்டும் கிரிக்கெட் கிளப் ஒன்றின் வயிற்றில் பிறந்ததே. இத்தாலியின் புகழ்பெற்ற ஏ.சி. மிலான் 1899-இல் தொடங்கியபோது அதன் பெயரில் கால்பந்தோடு கிரிக்கெட்டும் இருந்தது.

அவர்களுக்குக் குளிர்காலம், நமக்கு ஐப்பசி கார்த்திகை. கண்மாயில் தண்ணீர் நிற்கும் மாதங்களில் மந்தையில் கபடிக்கோ வாலிபாலுக்கோ கோடு போட முடியும். ஆட்டம் மாறினாலும் ஆட்கள் கூடிக்கொண்டே இருந்தால் கிளப்பின் மூச்சு நிற்காது.

தமிழர்கள் நடத்தும் பல ஆட்டக் கிளப்புக்குச் சிறந்த உதாரணம் கொழும்பில் இருக்கிறது. 1899-இல் தொடங்கிய அந்த அமைப்பின் முழுப்பெயர் தமிழ் யூனியன் கிரிக்கெட் அண்ட் அத்லெடிக் கிளப். கிரிக்கெட்டோடு ஹாக்கி, டென்னிஸ் என்று பல ஆட்டங்களுக்கும் இடம் கொடுத்த கிளப் இது. அதற்குச் சொந்த மைதானம் அமைவதற்கு முன்னின்று உழைத்தவர் பாக்கியசோதி சரவணமுத்து. அந்தக் காலத்தில் கொழும்பு ஓவல் என்று அழைக்கப்பட்ட மைதானத்துக்குப் பிற்காலத்தில் அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். 1948 மார்ச்சில் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும் வழியில் பிராட்மேனின் ஆஸ்திரேலிய அணி இறங்கி ஆடியது அங்கேதான். எதிரணியான இலங்கைக்குத் தலைவராக இருந்தவர் தமிழ் யூனியனின் மகாதேவன் சதாசிவம். முந்தைய ஆண்டு சேப்பாக்கத்தில் தென்னிந்திய அணிக்கு எதிராக 215 ரன் குவித்தவர் அவர்.

1982 பிப்ரவரியில் இலங்கை தன் முதல் டெஸ்ட் பந்தயத்தை ஆடியதும் இந்த மைதானத்தில்தான். 1985-இல் இந்தியாவை 149 ரன்னில் தோற்கடித்து இலங்கை தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றதும் இதே இடத்தில். கண்டியிலிருந்து வந்த முத்தையா முரளிதரன் ஆடிய கிளப்பும் இதுவே. கலவரங்களும் நீண்ட போரும் கண்ட நாட்டில், சிறுபான்மை மக்களின் ஒரு கிளப் நூற்றாண்டைத் தாண்டி நிற்கிறது. சொந்த மைதானமும், பல ஆட்டங்களுக்கும் திறந்த கதவும் இல்லாமல் அது நடந்திருக்காது.

சென்னையிலும் ஒரு முன்கதை உண்டு. 1846-இல் தொடங்கிய மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் வெள்ளைக்காரர்களின் கோட்டை. இந்திய ஆட்டக்காரர்கள் சேப்பாக்கத்தில் ஆட வந்தால் வெள்ளைக்காரர்கள் பெவிலியனில் உட்கார, இவர்கள் மரத்தடியில்தான் இருக்க வேண்டும். அதைச் சகிக்காமல் புச்சி பாபு நாயுடு 1888-இல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பை நிறுவினார். நம் ஆட்டக்காரர்களுக்கு ஒரு கூரை வேண்டும் என்ற ரோஷத்தில் எழுந்தது அது. 1908-இல் அவர் மறைந்த பிறகு அவர் பெயரில் நடந்துவந்த போட்டி, 2017-க்குப் பின் நின்றுபோயிருந்தது. 2023-இல் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம் அதற்கு மறுபடி உயிர் கொடுத்தது. ஆட்டங்கள் சென்னையில் நடக்கவில்லை என்பதுதான் முக்கியம். கோவை, சேலம், நத்தம், திருநெல்வேலி என்று நான்கு ஊர்களில் நடந்தன. விருதுநகர் மாவட்டத்துப் பையன் ஒருவன் காலையில் பஸ் ஏறினால் ரஞ்சி அணிகள் ஆடுவதை நேரில் பார்த்துவிட்டு இரவு வீடு திரும்ப முடிந்தது. இருபது ஆண்டுகளுக்கு முன் இது நடக்கக்கூடிய காரியமாக இருக்கவில்லை.

ஆனால் அச்சங்குளம் போன்ற ஊருக்கு நெருக்கமான கதை, சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியின் கதைதான். அது விசைத்தறிப் பூமி. அங்கே தங்கராசு நடராஜன் என்ற இடதுகைப் பந்துவீச்சாளர் வளர்ந்தார். தந்தை விசைத்தறித் தொழிலாளி, தாய் சாலையோரம் சிற்றுண்டிக் கடை நடத்தினார். ஐந்து பிள்ளைகளில் மூத்தவர். இருபது வயதுக்குப் பக்கம் வரை அவர் கையில் இருந்தது டென்னிஸ் பந்துதான். காலுக்குக் கீழே குத்தும் யார்க்கர், கிராமத்து டோர்னமென்ட்டில் கற்றுக்கொண்ட வித்தை. டென்னிஸ் பந்தை மட்டைக்குத் தோதாகப் போட்டால் சின்ன மைதானத்தில் எல்லாமே சிக்சர். அடியில் குத்தினால்தான் பிழைக்கலாம்.

அவரைக் கைதூக்கிவிட்டவர் அதே ஊரின் ஜெயப்பிரகாஷ். படிப்பு, சென்னைக்கு அனுப்புவது, கிளப்பில் சேர்ப்பது என்று எல்லாவற்றிலும் கூடவே நின்றார். சென்னையில் நான்காம் டிவிஷனில் பி.எஸ்.என்.எல். அணி, பிறகு விஜய் கிரிக்கெட் கிளப், பிறகு முதல் டிவிஷனில் ஜாலி ரோவர்ஸ் என்று நடராஜன் ஒவ்வொரு படியாக ஏறினார். 2015 ஜனவரியில் ரஞ்சிக் கோப்பையில் அறிமுகமானார். உடனே பந்துவீச்சு முறையில் சந்தேகம் என்று புகார் வந்தது. முறையைத் திருத்திக்கொண்டு திரும்பி வர வேண்டியிருந்தது. 2020 ஐ.பி.எல்.லில் ஹைதராபாத் அணிக்காக யார்க்கர் மழை பொழிந்தார். அந்தக் கையோடு ஆஸ்திரேலியாவுக்கு வலைப்பயிற்சிப் பந்துவீச்சாளராகப் போனவர், ஒரே சுற்றுப்பயணத்தில் ஒருநாள், டி20, டெஸ்ட் மூன்றிலும் அறிமுகமான முதல் இந்தியர் ஆனார். ஐ.பி.எல். பனியனில் அவர் போட்டுக்கொண்ட பெயர் ‘ஜே.பி. நட்டு’. ஜே.பி. என்பது ஜெயப்பிரகாஷ்.

இதுவரை பத்திரிகைகளில் பலரும் படித்ததுதான். அதற்குப் பின் நடந்ததைத்தான் நம் கிராமங்கள் கவனிக்க வேண்டும். 2023 ஜூன் 23-ஆம் தேதி சின்னப்பம்பட்டியில் நடராஜன் கிரிக்கெட் மைதானம் திறக்கப்பட்டது. தினேஷ் கார்த்திக் வந்து திறந்துவைத்தார். நடுவில் நான்கு பிட்ச், பயிற்சிக்கு இரண்டு பிட்ச், உடற்பயிற்சிக் கூடம், சிறிய பார்வையாளர் மாடம். ஒருவர் மேலே போனதோடு கதை முடியவில்லை. மைதானம் திறப்பதற்கு முன்பே அந்த ஊரிலிருந்து ஜி. பெரியசாமி என்ற வேகப்பந்து வீச்சாளர் தமிழ்நாடு பிரீமியர் லீக்குக்கு (டி.என்.பி.எல்.) வந்துவிட்டார். 2019 இறுதிப் போட்டியில் சேப்பாக் சூப்பர் கில்லீஸ் அணிக்கு அவர் 15 ரன்னுக்கு ஐந்து விக்கெட் எடுத்துக் கோப்பையையே வாங்கிக்கொடுத்தார். முதலில் ஒரு ஜெயப்பிரகாஷ், அப்புறம் ஒரு நடராஜன், அவருக்குப் பின் ஒரு பெரியசாமி. மூவரும் ஒருவர் கையை ஒருவர் விடவில்லை. கிளப் என்றால் இதுதான்.

டென்னிஸ் பந்திலிருந்து மேலே போகும் பாதையை இங்கே விளக்கிவிடுவது நல்லது. கிராமத்தில் எத்தனை கோப்பை ஜெயித்தாலும் அது மாநிலத் தேர்வாளர் கண்ணில் படாது. மாவட்டக் கிரிக்கெட் சங்கத்தில் பதிவான கிளப்புகள் லீக் ஆட்டங்கள் ஆடுகின்றன. அதிலிருந்துதான் மாவட்ட அணி, மாவட்டங்களுக்கு இடையிலான போட்டி, மாநில அணிக்கான தேர்வு. வயது வாரியாகச் சிறுவர் அணிகளும் இப்படியே. அங்கெல்லாம் ஆடுவது தோல் பந்து. நம் பையன்கள் ஸ்டிச் பந்து என்பார்கள். காலுக்குப் பேட், கைக்குக் கிளவுஸ், தலைக்கு ஹெல்மெட் என்று செலவு ஒரு கூலித் தொழிலாளி வீட்டுக்குத் தாங்காது. தனி ஆளாக வாங்க முடியாததைக் கிளப் பொதுவாக வாங்கி வைக்கலாம். ஒரு கிட், பதினைந்து பிள்ளைகள். கண்மாய்த் தரையில் தோல் பந்து ஆடுவது ஆபத்து. பந்து எகிறினால் பல் போகும். தரையைச் சமன் செய்து, நார் விரிப்பை இழுத்துக் கட்டி, ஓரமெல்லாம் இரும்பு முளை அடித்தால் பந்து ஒழுங்காக வரும். ஆடி முடித்ததும் விரிப்பைச் சுருட்டி உள்ளே வைத்துப் பூட்ட ஒரு கொட்டகை வேண்டும். அந்தக் கொட்டகையின் சாவி யாரிடம் என்ற இடத்தில்தான் ஒரு கிளப் பிறக்கிறது.

அரசும் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. 2020-இல் அம்மா இளைஞர் விளையாட்டுத் திட்டம் என்று ஊராட்சிதோறும் கிரிக்கெட், கபடி, வாலிபால் அணிகள் அமைக்கத் தொடங்கினார்கள். 2024-இல் கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பு வந்தது. மாநிலத்தின் 12,525 ஊராட்சிகளுக்கும் 33 வகைச் சாமான்கள். இரண்டு ஆட்சிகளும் பல ஆட்டங்களைச் சேர்த்தே யோசித்தது சரியான யோசனை. ஆனால் பை நிறையச் சாமான் வந்து இறங்கினால் மட்டும் போதாது. எடுத்துக் கொடுக்க, வாங்கி வைக்க, கிழிந்த வலையைத் தைக்க ஆள் வேண்டும். உங்கள் ஊராட்சிக்கு வந்த தொகுப்பு இப்போது எங்கே இருக்கிறது? விசாரித்துப் பாருங்கள்.

பக்கத்துக் கோவில்பட்டியைப் பார்த்தாலே நம்பிக்கை வரும். அதுவும் தீப்பெட்டித் தொழில் ஊர். அதே கரிசல், அதே வெயில். ஆனால் அங்கே பிள்ளைகள் கையில் ஹாக்கி மட்டை. தலைமுறை தலைமுறையாக உள்ளூர் அணிகள் ஹாக்கியைக் கைவிடாமல் வைத்திருந்ததால்தான் அரசு விளையாட்டு விடுதியும் செயற்கைப் புல்தரை மைதானமும் அந்த ஊரைத் தேடி வந்தன. 2022 மே மாதம் ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பை. இந்திய அணியில் கோவில்பட்டியின் மாரீஸ்வரன் சக்திவேலும், அரியலூரிலிருந்து வந்து கோவில்பட்டியில் பயின்ற கார்த்தி செல்வமும் இருந்தார்கள். பாகிஸ்தானுடனான முதல் ஆட்டத்தில், அறிமுக ஆட்டத்திலேயே, இந்தியாவின் ஒரே கோலைப் போட்டவர் கார்த்தி. அந்தப் போட்டியில் இந்தியா வெண்கலம் வென்றது.

கசப்பான ஒன்றையும் சொல்லாமல் விட முடியாது. தென் மாவட்டக் கிராமங்களில் தெருவுக்கு ஒரு அணி இருக்கிறது. எந்தத் தெரு என்றால் எந்தச் சாதி என்று அர்த்தம். நல்ல பந்துவீச்சாளர் பக்கத்துத் தெருவில் இருந்தாலும் அணியில் சேர்க்க மாட்டார்கள். 2024-இல் வந்த ‘லப்பர் பந்து’ படம் இந்த விஷயத்தைத் தொட்டபோது தியேட்டரில் கைதட்டியவர்கள், ஊருக்குத் திரும்பியதும் என்ன செய்தார்கள்? தெரு அணியைக் கிளப்பாக வளர்க்க முடியாது. ஆள் எண்ணிக்கையும் போதாது, மைதானமும் பொதுவில் கிடைக்காது, ஒரு சண்டையில் எல்லாம் முடிந்துபோகும். ஊர்ப் பெயரில் தொடங்கி, எல்லாத் தெருவிலிருந்தும் நிர்வாகிகளை எடுத்தால்தான் அது நிற்கும். இதில் சமரசத்துக்கு இடம் இல்லை.

பெண் பிள்ளைகளைப் பற்றியும் அப்படித்தான். பட்டாசு, தீப்பெட்டி வேலையில் பாதிச் சுமைக்கு மேல் தூக்குவது பெண்கள். ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் அவர்களுக்கு இடம் இல்லை. கிரிக்கெட் மட்டும் ஆடும் இடத்துக்கு மகளை அனுப்பத் தயங்கும் அம்மா, நாலு பிள்ளைகள் சேர்ந்து கபடியோ எறிபந்தோ ஆடும் இடத்துக்கு அனுப்புவார். சென்னை கண்ணகி நகரின் கார்த்திகா, 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியக் கபடி அணியோடு தங்கம் வென்று வந்தார். ஊர் உலகம் தள்ளிவைத்துப் பேசிய ஒரு குடியிருப்பின் பெயர் அன்று நல்ல செய்தியில் வந்தது. அச்சங்குளத்தின் பெயரும் அப்படி வரட்டும்.

இனி செய்ய வேண்டியது என்ன? ஏழு பேர் சேர்ந்தால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஒரு சங்கம் பதியலாம். மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் மனுக் கொடுக்க வேண்டும். நிர்வாகிகள் பெயர், விதிமுறை, வங்கிக் கணக்கு. ஆண்டுதோறும் கணக்குக் காட்ட வேண்டும்; அதைத் தவறவிட்டுத்தான் பல சங்கங்கள் காகிதத்தோடு நின்றுபோகின்றன. பதிவான கிளப்பாக இருந்தால் மாவட்டக் கிரிக்கெட் சங்கத்தை அணுகலாம், ஆலை முதலாளிகளிடம் ரசீது கொடுத்து நன்கொடை கேட்கலாம், வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் பழைய ஆட்டக்காரர்களிடம் சந்தா வாங்கலாம். திருப்பூருக்குப் போன அண்ணன் ஆட வர முடியாவிட்டாலும், பந்து வாங்கக் காசு அனுப்புவார். கேட்க ஆள் இல்லாததால்தான் அனுப்பாமல் இருக்கிறார்.

மைதானத்துக்கு ஊராட்சி நிலம் வேண்டும். கண்மாய் நீர்நிலை, அதில் நிரந்தரமாக எதையும் கட்டக் கூடாது, கட்ட விடவும் கூடாது. ஊரில் வேறு பொது நிலம் எது, அதன் சர்வே எண் என்ன என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அடுத்த கூட்டத்துக்கு ஊர் இளைஞர்கள் எல்லாத் தெருவிலிருந்தும் சேர்ந்து போங்கள். விளையாட்டு மைதானத்துக்கு இடம் ஒதுக்கித் தீர்மானம் போடச் சொல்லுங்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதிய பிறகே எழுந்து வாருங்கள்.